வாசிக்கப்படாத படிகள்

மின்பதிவு நம் மரபைக் காப்பாற்றுகிறதா?

கும்பகோணத்துக்கு வடகிழக்கே, காவிரியின் வடகரையில் திருக்கோடிக்காவல் என்றொரு ஊர். கண்டராதித்த சோழரின் தேவியும் உத்தம சோழரின் தாயுமான செம்பியன் மாதேவி, பத்தாம் நூற்றாண்டில் அங்கிருந்த பழைய கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தார். திருப்பணி என்று வந்தால் பழைய கல் இடம்பெயரும். அதில் பொறித்திருந்த நிலக்கொடை, விளக்குக்கொடைக் கணக்குகளும் கல்லோடு போய்விடும். அதனால் பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டவைத்தார்கள். கூடவே, அது 'பழங்கற்படி' என்று குறித்தும் வைத்தார்கள். நீ பார்ப்பது மூலமல்ல, பழைய கல்லின் நகல் என்று பின்னால் வருகிறவனுக்குச் சொல்லிவைத்த வார்த்தை அது.

ஆயிரம் ஆண்டு கழித்து நாமும் அதே வேலையைத்தான் செய்கிறோம். உளியின் இடத்தில் கேமராவும் ஸ்கேனரும் லேசர் கருவியும் ஒலிப்பதிவுக் கருவியும் வந்திருக்கின்றன. சுவடி, கல்வெட்டு, கூத்து, ஒப்பாரி, பழைய பத்திரிகை என்று எதைக் குறித்துக் கவலைப்பட்டாலும் 'டிஜிட்டல் பண்ணிவிட்டால் போதும்' என்ற பதில் தயாராக இருக்கிறது. டிஜிட்டல் செய்வதும் காப்பாற்றுவதும் ஒன்றுதானா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்பதிவு நமக்குக் கிடைத்த பெரிய கொடை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பழைய படிகளுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஓலையில் எழுதியவன் ஒவ்வொரு எழுத்தையும் வாசித்துத்தான் படியெடுத்தான். ஸ்கேனர் முன் உட்கார்பவர் ஓர் எழுத்தைக்கூட வாசிக்காமல் ஒரு நூலகத்தையே நகலெடுத்துவிடலாம். இந்தத் துறையின் வெற்றிகளும் தோல்விகளும் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

ஓலை கற்றுத்தந்தது

நம் கையிலுள்ள சங்க நூல் எதற்கும் சங்க காலத்து ஏடு கிடையாது. பனையோலை நம் வெக்கையிலும் ஈரத்திலும் நல்ல கவனிப்பில் முந்நூறு, நானூறு ஆண்டு தாங்கினால் அதிகம். பூச்சி அரிக்கும், ஓரம் ஒடியும், துளை பெரிதாகி நூல் அறுக்கும். ஆகவே தலைமுறைக்குத் தலைமுறை யாரோ ஒருவர் பெயர்த்தெழுதிக்கொண்டே வந்ததால்தான் குறுந்தொகையும் சிலப்பதிகாரமும் நம்மிடம் வந்து சேர்ந்தன. எதைப் பெயர்த்தெழுதவில்லையோ அது போயிற்று. ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விட்ட வழக்கத்தை நினைத்து இன்று வருந்துகிறோம். ஆனால் நைந்த ஏட்டைப் படியெடுத்துவிட்டு மூலத்தை விடுவது என்பதாக அது தொடங்கியிருக்கவும் கூடும். படியெடுக்கும் வேலை நின்றபின், விடுவது மட்டும் சடங்காக மிஞ்சியது.

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏடு தேடி அலைந்தது அந்த உழைப்பில் ஒரு பங்கு. கிடைத்த ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டது பெரும்பங்கு. ஓரிடத்தில் ஒரு சீர் குறைந்தால் அவருக்குக் காது சொல்லிவிடும். வேறொரு பிரதியைத் தேடுவார். படியெடுப்பதும் சரிபார்ப்பதும் பொருள் தேடுவதும் ஒரே ஆளின் ஒரே வேலையாக இருந்தன.

கல்லில் படியெடுத்தோம், ஓலையில் படியெடுத்தோம். மூன்றாவது வழி தொண்டை. ஓதுவார் மகனுக்குச் சொல்லிக்கொடுப்பதும், வில்லுப்பாட்டுப் புலவர் சீடனைப் பின்பாட்டுக்கு உட்காரவைப்பதும் படியெடுப்பதுதான். மூன்றிலும் நகல் ஒரு மனிதருக்குள் புகுந்துதான் வெளியே வந்தது.

இயந்திரம் வந்தபோது

வாசிக்காமலே நகலெடுக்கும் வழக்கம் கணினியோடு தொடங்கியதல்ல. 1880களில் இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு ஹூல்ஷ் தலைமையில் சென்னை மாகாணத்தில் மைப்படி எடுக்கத் தொடங்கியது. அந்த முறை இன்றும் மாறவில்லை. கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, கெட்டித் தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்க வேண்டும். பிறகு மை தொட்ட உருண்டையால் ஒற்றினால் கல்லின் மேற்பரப்பு கறுக்கும். பள்ளத்தில் இருக்கும் எழுத்து வெள்ளையாக நிற்கும். மை எடுப்பவருக்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனாலும் பக்கத்தில் ஒரு கல்வெட்டறிஞர் நிற்பார். எந்த வரி சுவருக்குள் மறைகிறது, எது அடுத்த கல்லில் தொடர்கிறது என்று அவர்தான் சொல்ல வேண்டும். 1890 முதல் வெளிவந்த 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகள் அப்படி வாசித்தவர்களால் உருவானவை. வாசிக்கப்படாத மைப்படிகளோ பல பத்தாண்டுகள் கட்டுக்கட்டாக அந்தப் பிரிவின் மைசூர் அலுவலகத்தில் காத்துக்கிடந்தன.

குரலுக்கும் இயந்திரம் வந்தது. கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்கெடுப்பையொட்டி 1913 முதல் 1929 வரை கிராமபோன் வட்டுகளில் பல மொழிகளின் பேச்சு பதிவானது. தமிழும் அதில் உண்டு. நூறாண்டுக்கு முந்தைய ஒரு தமிழர் கதை சொல்லும் குரலை இன்று இணையத்தில் யாரும் கேட்கலாம். நெடில் எவ்வளவு நீண்டது, ழகரம் எப்படி மடங்கியது என்பதை எந்த அச்சுப் புத்தகமும் இப்படிச் சொல்லாது.

அச்சுப் புத்தகங்களுக்கு வந்த கதை கோட்டையூரில் தொடங்குகிறது. விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான ரோஜா முத்தையா, ஆயுள் முழுக்கப் பழைய புத்தகம், இதழ், நாடக நோட்டீசு, திருமண அழைப்பிதழ் என்று வாங்கிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தார். அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது, ஆனால் கப்பலேற்றவில்லை. 1994இல் சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் அமைந்து, முதலில் மைக்ரோஃபிலிமாகவும் பின்னர் மின்பிரதியாகவும் படியெடுக்கும் வேலை நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவை அதிகாரி மெக்கன்சியின் காலத்தில் தென்னாட்டுச் சுவடிகள் கடல் கடந்ததை நினைத்துப் பார்த்தால், மூலம் ஊரில் நிற்க நகல் மட்டும் பயணம் போகும் இந்த ஏற்பாடு எவ்வளவு பெரிய மாற்றம் என்று விளங்கும். பிரிட்டிஷ் நூலகம் 2004இல் தொடங்கிய 'அழிவாபத்திலுள்ள ஆவணக் காப்பகங்கள்' திட்டமும் இதே விதியைப் பின்பற்றுகிறது. தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களும் ஊர் ஆவணங்களும் அதன் உதவியால் பதிவாகியுள்ளன.

ஈழத்தில் இந்த வேலைக்குப் பின்னால் ஒரு தீ எரிகிறது. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களோடு சாம்பலானது. அதில் ஓலைச்சுவடிகளும் இருந்தன. ஒரே இடத்தில் ஒரே படி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடக் கொடிய பாடம் தமிழருக்கு இல்லை. 2005இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட நூலகம் இணையத்தளம் அந்தப் பாடத்திலிருந்து வந்தது. நூல், இதழ் மட்டுமல்லாமல் பாடசாலை மலர், கோயில் மலர், துண்டறிக்கை எல்லாம் அதில் சேர்கின்றன. இறந்தவருக்கு அந்தியேட்டியன்று வெளியிடும் நினைவு மலரை யாழ்ப்பாணத்தில் 'கல்வெட்டு' என்பார்கள். பிறந்த ஊர், படித்த பாடசாலை, யார் யாருக்கு என்ன உறவு என்று விரியும் அந்தச் சிறு புத்தகத்தை எந்தப் பல்கலைக்கழக நூலகமும் விலைகொடுத்து வாங்காது. இடம்பெயர்ந்து சிதறிய ஓர் ஊரின் வரலாற்றை எழுத வருகிறவருக்கு அதுதான் முதல் சான்று.

ஒரு கட்டு ஏடு கேமரா முன் வருகிறது

இந்த வேலையைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு அதன் வேகம் ஏமாற்றம் தரும். துணியை அவிழ்த்து, கயிற்றை உருவி, மேற்சட்டத்தை எடுத்ததும் படம் பிடித்துவிட முடியாது. ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். மெல்லிய தூரிகையால் பூச்சிப் புழுக்கையைத் தட்ட வேண்டும். ஒட்டியவற்றை மூங்கில் சீவலால் பொறுமையாகப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் மேலேட்டு எழுத்து கீழேட்டோடு போய்விடும். காய்ந்த ஓலைக்குப் புல்தைலம் தடவுவார்கள். அது கொஞ்சம் வளையும் தன்மையைத் தரும், பூச்சியையும் விரட்டும். எழுத்தாணிக் கீறலில் இருந்த மை உதிர்ந்து எழுத்து மங்கியிருந்தால் விளக்குக்கரி கலந்த எண்ணெயைத் தேய்த்துத் துடைக்க வேண்டும். கீறலுக்குள் மட்டும் கறுப்பு தங்கும். நூறாண்டாகக் கண்ணுக்குத் தெரியாத வரி அப்போது எழுந்து வருவதைப் பார்ப்பது ஓர் அனுபவம்.

பிறகுதான் கேமரா. மேலிருந்து நேர்க்கோட்டில் பார்க்கும் லென்ஸ், இருபுறமும் சாய்வான ஒளி, ஏட்டுக்குப் பக்கத்தில் அளவுகோலும் நிற அட்டையும். ஏட்டின் இடது ஓரத்தில் தமிழ் எண்களில் ஏட்டெண் இருக்கும். க, உ, ங என்று அது வரிசையாக வருகிறதா என்று ஒருவர் வாசித்துச் சொல்ல, மற்றவர் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த இடத்தில் வாசிக்கத் தெரிந்தவர் இல்லையென்றால் திட்டத்தின் பாதிப் பயன் அங்கேயே போய்விடும்.

ஒருமுறை ஒரு தனியார் சேகரிப்பிலிருந்து வந்த வன்தட்டு ஒன்றைத் திறந்து பார்த்தேன். சில ஆயிரம் படங்கள். எல்லாவற்றுக்கும் கேமரா தானாக வைத்த எண்தான் பெயர். எந்தப் படம் எந்தக் கட்டைச் சேர்ந்தது, எங்கே ஒரு கட்டு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று குறிப்பே இல்லை. நடுவில் ஒரு சோதிட ஏடு, அடுத்த படத்தில் ஒரு தலபுராணம். கட்டுகள் அதற்குள் வேறு கைகளுக்குப் போய்விட்டிருந்தன. படங்கள் தெளிவானவை, அவற்றை எடுத்தவர் உழைத்துத்தான் எடுத்திருக்கிறார். 'பழங்கற்படி' என்பது போன்ற ஒற்றைக் குறிப்பு இல்லாததால் அந்த உழைப்பு குவியலாகக் கிடந்தது.

மீத்தரவு என்று இன்று சொல்கிறோமே, அது இந்தக் குறிப்புதான். ஏடு எங்கே கிடைத்தது, யார் வீட்டுப் பரணில் இருந்தது, எத்தனை ஏடு, எவை இல்லை, எந்த நாளில் யார் படமெடுத்தார். பணம் ஒதுக்கும்போது கேமராவுக்கு ஒதுக்குவார்கள், வன்தட்டுக்கு ஒதுக்குவார்கள். அட்டவணை எழுதும் ஆளுக்குத்தான் கடைசியில் கை சுருங்கும்.

இயந்திரம் வாசிக்குமா?

'ஓ.சி.ஆர். வந்துவிட்டதே, இனி இயந்திரமே வாசிக்காதா?' என்ற கேள்வி நியாயமானது. அச்சுத் தமிழை இன்றைய மென்பொருள்கள் நன்றாகவே வாசிக்கின்றன. பழைய ஈயஎழுத்து, மங்கிய தாள், நெருக்கிக் கோத்த பத்தி என்று வரும்போது தடுமாறினாலும் ஆண்டுக்காண்டு முன்னேற்றம் தெரிகிறது. ஓலை வேறு சங்கதி.

ஓலையில் புள்ளி வைக்கமாட்டார்கள். வைத்தால் ஓலை கிழியும். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டமாட்டார்கள். ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. செய்யுளும் உரையும் ஒரே ஓட்டமாக ஓடும். ஆகவே ஏட்டில் 'தெர' என்று தெரிவதை தெர, தேர, தெர், தேர், தொ, தோ என்று ஆறுவிதமாக வாசிக்கலாம். எது சரி என்பதை யாப்பும் எதுகையும் முன்பின் பொருளும்தான் முடிவுசெய்யும். தேரைப் பற்றிய பாட்டா, தோகையைப் பற்றிய பாட்டா என்று தெரிந்தவனுக்கு ஒரு நொடி போதும். தெரியாதவனுக்கு ஆறும் சரி.

இயந்திரத்துக்கு இதைக் கற்பிக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. கற்பிக்க வேண்டுமானால் முதலில் மனிதர்கள் வாசித்துச் சரிபார்த்த ஏடுகள் ஆயிரக்கணக்கில் வேண்டும். அப்படி வாசிக்கக்கூடியவர்கள் தமிழ்நாட்டில் குறைந்துகொண்டே வருகிறார்கள். சுவடியியல் பட்டயம் படித்தவருக்கு நிரந்தர வேலை எங்கே இருக்கிறது? ஓலை அழிவதற்கு முன் படம் எடுத்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிறோம். ஓலையை வாசிக்கத் தெரிந்தவர் ஓய்வுபெறுவதற்கு முன் இரண்டு பேருக்காவது சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற அவசரம் எந்தத் திட்ட அறிக்கையிலும் காணக்கிடைப்பது அரிது.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வழி இங்கே கவனிக்கத்தக்கது. 1956இல் ழான் ஃபிலியோசா அங்கே சைவச் சுவடிகளைச் சேர்க்கத் தொடங்கினார். சேர்த்ததோடு நிற்காமல், பண்டிதர்களை அமர்த்தி ஏடுகளைத் தாளில் பெயர்த்தெழுத வைத்தார்கள். ஆகம நூல்கள் பல அப்படித்தான் பதிப்புக் கண்டன. புதுச்சேரியிலுள்ள ஏறக்குறைய 11,000 சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அந்தப் பெருமையில் பெயர்த்தெழுதிய பண்டிதர்களுக்கும் பங்குண்டு.

கல்லும் கட்டடமும்

கல்வெட்டுக்கு மின்பதிவு செய்யும் உதவி நேரடியானது. மாலை வெயில் சாய்வாக விழும்போது தேய்ந்த எழுத்து தெரியும் என்பது களப்பணி செய்தவர்களுக்குத் தெரிந்த வித்தை. அதையே கருவியாக்கி, ஒரே இடத்தைப் பல கோணங்களிலிருந்து ஒளி பாய்ச்சிப் படமெடுத்துக் கணினியில் இணைத்தால், திரையில் நாமே வெயிலை நகர்த்திப் பார்க்கலாம். சில நூறு ஒளிப்படங்களிலிருந்து ஒரு நடுகல்லின் முப்பரிமாண உருவை ஆக்கலாம். தாளும் மையும் கல்லைத் தொட வேண்டியதில்லை. எழுத்து தெரியட்டும் என்று சுண்ணாம்புப் பொடியோ மாவோ பூசும் கெட்ட பழக்கத்துக்கும் அவசியமில்லாமல் போகிறது. திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சியடித்துச் சுவரைச் 'சுத்தம்' செய்ததில் தமிழ்நாட்டுக் கோயில்களில் கல்வெட்டுகள் தேய்ந்துபோனதைக் கண்டவர்கள் நாம். அந்தச் சுவர்களுக்கு முன்கூட்டியே முப்பரிமாணப் பதிவு இருந்திருந்தால் வரிகளாவது மிஞ்சியிருக்கும்.

உலகறிந்த எடுத்துக்காட்டு பாரிசின் நோத்ர-தாம் தேவாலயம். ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாசிரியர் 2010இல் அதனுள்ளும் புறமும் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் லேசர் கருவியை நிறுத்தி, நூறு கோடிக்கும் மேல் புள்ளிகளாக அதை அளந்தார். கட்டடம் எங்கே சாய்ந்திருக்கிறது, கட்டியவர்கள் எங்கே மனம் மாறினார்கள் என்பது அவர் கேள்வி. 2018இல் அவர் இறந்தார். 2019 ஏப்ரல் 15 அன்று கூரை எரிந்தது. மறுகட்டுமானத்துக்கு அவர் அளவுகள் கைகொடுத்தன. 2024 டிசம்பரில் தேவாலயம் மீண்டும் திறந்தது. இந்தக் கதையில் அடிக்கடி விடுபடும் ஒரு பகுதி உண்டு. எரிந்துபோன கூரையின் மரச்சட்டகத்தை 2014இல் இரு கட்டடக் கலைஞர்கள் நேரில் ஏறி அளந்து வரைபடங்களாக்கியிருந்தார்கள். ஒவ்வொரு உத்திரமும் எப்படிக் கொக்கி போட்டது என்பதற்குத் தச்சர்கள் அந்த வரைபடங்களை நாடினார்கள். கேள்வியோடு போனவர்களின் பதிவுதான் இரண்டு இடத்திலும் உதவியது.

நம் ஊரில் இதற்கு இணையான கதை ஸ்ரீபுரந்தான் நடராசர். அரியலூர் மாவட்டத்தின் அந்தச் சிற்றூர்க் கோயிலிலிருந்து திருடுபோன சோழர்காலச் செப்புத்திருமேனியை, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஏறக்குறைய 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஒரு வணிகரிடம் வாங்கியிருந்தது. 1990களில் பிரெஞ்சு நிறுவனத்தார் அதே சிலையைக் கோயிலில் வைத்து எடுத்திருந்த படம் அவர்கள் காப்பகத்தில் இருந்தது. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து, திருவாசியின் சுடர், வார்ப்பில் விழுந்த தழும்பு என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தவர்களால் வழக்கு நின்றது. 2014 செப்டம்பரில் நடராசர் இந்தியாவுக்குத் திரும்பினார். ஆய்வுக்காக எடுத்த படம் சாட்சி சொல்ல வந்தது. ஆனால் படம் தானாக வந்து சொல்லவில்லை. காப்பகத்தில் போய்த் தேடி எடுத்தவர்கள் சொல்லவைத்தார்கள்.

குரலைப் பிடிப்பது

கூத்தையும் பாட்டையும் பதிவதில் சிக்கல் வேறு. 1965இல் கனடாவின் பிரெண்டா பெக் காங்கேயம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி, உடுக்கடிப் பாட்டாக, பொன்னர் சங்கர் கதை என்றும் சொல்லப்படும் அண்ணன்மார் கதை இரவிரவாக நடந்ததை ஒலிநாடாவில் பிடித்தார். பிறகு அதை எழுத்தில் பெயர்த்து, தமிழும் ஆங்கிலமுமாக அச்சிட்டார். இன்று நாடாக்கள் மின்பதிவாகியும் இருக்கின்றன. பொன்னர் சங்கர் கதையைப் பேசும் எவரும் அந்தப் பதிவைத் தாண்டிப் போக முடியாது.

அதே சமயம், அந்த நாடாவில் என்ன இல்லை என்றும் பார்க்க வேண்டும். சங்கர் சாகும் கட்டத்தில் கூட்டத்தில் ஒருவருக்கு அருள் வந்து ஆடுவதும், பூசாரி திருநீறு போட்டு எழுப்புவதும், அதுவரை பாட்டை நிறுத்திக் காத்திருப்பதும் ஒலியில் பாதிதான் விழும். பாடகர் முன்னிருப்பவர்களைப் பார்த்து ஒரு கிளையை நீட்டுவார், ஒன்றைச் சுருக்குவார். ஒரு நாள் பிடித்த பதிவை 'மூலம்' என்று வைத்துக்கொண்டால், மற்ற இரவுகளெல்லாம் பிழையாகிவிடும். பதிவு கேட்டுப் படித்த இளைஞர்கள் ஆசிரியரின் இருமலையும் சேர்த்துப் பாடுவதாக நாட்டாரியல்காரர்கள் கேலியாகச் சொல்வதுண்டு. கேலிக்குள் உண்மை இருக்கிறது.

டச்சு இசையறிஞர் ஆர்னால்ட் பாக்கே 1938இல் தென்னிந்தியாவில் பாட்டும் ஆட்டமும் பதிந்தார். 1984இல் நஸீர் ஜைரஸ்பாயும் ஏமி கேட்லினும் அந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு அதே ஊர்களுக்குப் போனார்கள். பாடியவர்களின் வாரிசுகளுக்குப் போட்டுக்காட்டி, எது நிலைத்தது, எது மாறியது, எது மறைந்தது என்று கேட்டுப் பதிந்தார்கள். பதிவு ஊருக்குத் திரும்பிய அரிய நிகழ்ச்சி அது. நம் கல்லூரிகளின் நாட்டாரியல் துறைகளில் மாணவர்கள் பட்ட ஆய்வுக்காகப் பதிந்த கேசட்டுகள் அலமாரிகளில் இருக்கின்றன. பாடிய பாட்டியின் பேரனுக்கு அப்படியொரு கேசட் இருப்பதே தெரியாது.

கேசட்டுக்கு நேரமும் அதிகமில்லை. ஒலிநாடாவைச் சுழற்றும் கருவிகளும் பழுதுபார்ப்பவர்களும் அருகிவருவதை எச்சரித்து யுனெஸ்கோவும் பன்னாட்டு ஒலிக் காப்பகச் சங்கமும் 2019இல் உலகளவில் கணக்கெடுக்கக் கிளம்பின. நாடா கெடுவதற்கு முன்பே அதை வாசிக்கும் பெட்டி மறைந்துவிடும் என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம்.

கோப்பின் ஆயுள்

இப்போது சங்கடமான பகுதிக்கு வருவோம். கல் ஆயிரம் ஆண்டு நிற்கும், ஓலை நானூறு, நல்ல தாள் இருநூறு. வன்தட்டை ஐந்து முதல் பத்து ஆண்டு நம்பலாம். நாம் கண்டுபிடித்த படிகளிலேயே மிகக் குறைந்த ஆயுள் உள்ளது இதுதான்.

பொருள் கெடாவிட்டாலும் குறியீடு கெடும். தமிழருக்கு இதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1990களில் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வோர் எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் திரையில் வரும். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்த இலக்கியங்களை இலவசமாகத் தந்தது. தொடக்ககாலக் குறியீடுகளிலிருந்து திஸ்கிக்கும், பிறகு யூனிகோடுக்கும் அது நூல்களை மாற்றிக்கொண்டே வந்தது. அதனால் இன்றும் வாசிக்க முடிகிறது. அதே காலத்தில் தட்டச்சாகி, மாற்ற ஆளில்லாமல் போன கோப்புகள் எத்தனையோ பதிப்பகங்களின் பழைய குறுவட்டுகளில் கிடக்கின்றன. ஓலையைப் பெயர்த்தெழுதியதும் எழுத்துருவை மாற்றியதும் ஒரே வேலைதான். இடைவெளிதான் முந்நூறு ஆண்டிலிருந்து பத்தாண்டாகச் சுருங்கிவிட்டது.

கணக்கும் பார்க்க வேண்டும். ஓர் ஏட்டின் ஒரு பக்கத்தைத் தரமான, சுருக்காத கோப்பாக வைத்தால் 100 மெகாபைட் என்று கொள்வோம். 200 ஏடுள்ள ஒரு கட்டுக்கு இருபுறமும் 400 படம்; 40 ஜிகாபைட். ஆயிரம் கட்டென்றால் 40 டெராபைட். அதற்கு இரண்டு காப்புப்பிரதி, ஒன்று வேறு ஊரில். சில ஆண்டுக்கொருமுறை எல்லாவற்றையும் புதிய தட்டுக்கு மாற்றி, ஒரு பிட் கூடப் பிசகவில்லை என்று சரிபார்க்க வேண்டும். படமெடுப்பது ஒரு முறைச் செலவு. இது முடிவில்லாத செலவு. மூன்றாண்டுத் திட்டமாகப் பணம் வரும். நான்காம் ஆண்டில் மின்கட்டணம் யார் கட்டுவது?

பெரிய நிறுவனத்திடம் இருந்தால் பயமில்லை என்று நினைத்தவர்களுக்கு 2023 அக்டோபர் ஒரு பாடம். பிரிட்டிஷ் நூலகத்தைப் பணயத்தாக்குதல் கும்பல் ஒன்று முடக்கியது. பட்டியலே மூன்று மாதம் போல இயங்கவில்லை. மின்பிரதிகள் பலவற்றை அதைவிட நீண்ட காலம் பார்க்க முடியவில்லை. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவும் தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாள் இருண்டது. இரண்டும் மீண்டன. ஆனால் நம் ஏடுகளின் படத்துக்கு லண்டனிலோ கலிஃபோர்னியாவிலோ ஒரு பொத்தான் இருக்கிறது என்பது அந்த மாதங்களில் விளங்கியது. ஒரே நூலகம் என்றால் யாழ்ப்பாணத்தில் என்ன ஆனது என்று அறிந்த நாம், ஒரே சர்வர் என்பதை மட்டும் எப்படி நம்புகிறோம்?

யாருடைய படி?

பதிவு பெருகப் பெருக உரிமைக் கேள்வியும் வருகிறது. எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்துவைப்பதே நீதி என்று முதலில் தோன்றும். நூல்களைப் பொறுத்தவரை தமிழ்நாடு இதில் முன்னோடி. பாரதியின் எழுத்துகளை 1949இல் அரசு வாங்கிப் பொதுச்சொத்தாக்கும் வழியைத் திறந்தது. பின்னர் எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமையாயின. இன்று தமிழ் மின்நூலகங்கள் அவற்றைத் தடையில்லாமல் தர முடிவதற்கு அந்தப் பழைய முடிவுதான் காரணம்.

மருத்துவ ஏட்டுக்கு அதே விதி பொருந்துமா? மஞ்சளின் புண்ணாற்றும் குணத்துக்கு அமெரிக்காவில் தந்த காப்புரிமையை 1997இல் போராடி ரத்துசெய்தபின், 2001இல் இந்தியா மரபறிவு மின்நூலகத்தைத் தொடங்கியது. ஆயுர்வேத, யுனானி, சித்த மருத்துவ நூல்களின் குறிப்புகள் அதில் உண்டு. காப்புரிமை அலுவலகங்கள் பார்க்கலாம் என்பதே பல ஆண்டு விதியாக இருந்தது. திறந்தால் திருடுவார்கள், மூடினால் சொந்தக்காரனும் பார்க்க முடியாது. இதற்குச் சுலபமான விடை இல்லை. ஒரு வீட்டுத் துக்கத்தில் பாடிய ஒப்பாரியையும், பெண்கள் மட்டும் கூடும் சடங்கின் பாட்டையும் பதிந்து இணையத்தில் ஏற்றுகிறவர், பாடியவரிடம் 'பதியட்டுமா?' என்று கேட்டிருப்பார். 'உலகமே கேட்கட்டுமா?' என்று கேட்டாரா என்பது வேறு கேள்வி.

செய்யக்கூடியது

இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால், மின்பதிவு கைகொடுத்த இடங்களில் ஓர் ஒற்றுமை தெரிகிறது. மதுரைத் திட்டத்தில் தட்டச்சு செய்தவர் வரிவரியாக வாசித்தார். அண்ணன்மார் கதையைப் பெயர்த்தெழுதியவர் நாடாவைத் திரும்பத் திரும்பக் கேட்டார். நடராசரை மீட்டவர்கள் படத்தை உற்றுப் பார்த்தார்கள். கைவிட்ட இடங்களிலும் ஓர் ஒற்றுமை உண்டு: பதிந்தபின் திறந்து பார்க்க ஆளில்லை. விடுபட்ட ஏடும், தலைகீழாக விழுந்த படமும், தட்டில் கெட்டுப்போன கோப்பும், வாசிக்கிறவர் ஒருவர் இருந்தால்தான் வெளிப்படும். அந்தப் பிழை வெளிப்படும்போது மூலம் இன்னும் உயிரோடிருந்தால் திருத்திக்கொள்ளலாம்.

ஆகவே என் கோரிக்கை சிறியது. ஒரு பதிவுத் திட்டத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை வாசிக்கும் ஆளுக்கு ஒதுக்குங்கள். ஓலை வாசிக்கத் தெரிந்த மூத்தவர் ஒருவர், கற்றுக்கொள்ளும் இளையவர் இருவர், பத்தாண்டுக்குச் சம்பளம். படமெடுத்த ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பக்கக் குறிப்பு: இதில் என்ன நூல், யார் வீட்டது, எத்தனை ஏடு குறைவு. பதிந்த குரலின் ஒரு படி பாடியவர் வீட்டுக்கு. எல்லாவற்றுக்கும் மூன்று ஊர்களில் மூன்று படி. இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை.

திருக்கோடிக்காவலில் அந்தப் பழைய கற்களைப் படியெடுத்தவர்கள் வரிகளை வாசித்தார்கள், பழையது எது புதியது எது என்று பிரித்தார்கள், அதைச் சுவரிலேயே எழுதியும் வைத்தார்கள். அதனால்தான் மூலக்கல் போனபின்னும் அதில் எந்த நிலத்தை யார் யாருக்குக் கொடுத்தார் என்று நமக்குத் தெரிகிறது. என் மேசையில் கிடக்கும் அந்த வன்தட்டை இன்னொரு முறை திறந்தேன். சில ஆயிரம் படங்களில் நூற்றுப்பன்னிரண்டாவது, அந்தத் தலபுராணத்தின் முதல் ஏடு. பெரிதாக்கிப் பார்த்தால் காப்புச் செய்யுள் தெரிகிறது. ஏட்டெண் 'க'. ஒரு தாளை எடுத்து, அதைப் பெயர்த்தெழுதத் தொடங்கியிருக்கிறேன்.